லாரி ஆடி அடங்கட்டும்

மெஷினை ரிப்பேர் பார்ப்பவர்கள் ஊரெல்லாம் உண்டு. இல்லாத மெஷினைக் கட்டி மேய்ப்பவள் ராயபுரத்தில் நான் ஒருத்திதான். கம்ப்யூட்டரோடு தினமும் மல்லுக்கட்டும் சக பாவிகளே, இதைப் படித்துவிட்டு உங்கள் பிழைப்பு எவ்வளவோ மேல் என்று நிம்மதி அடையுங்கள்.

குழாயடி விசாரணை

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் எதிர்வீட்டு சரோஜா அக்கா குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ராயபுரம் ஆபீஸ்ல இன்னாதான் பண்ற?" நானும் பொறுமையாகச் சொன்னேன். "லுவான்னு ஒரு மொழிக்கா. அதுல எழுதின புரோகிராம் ஒரு பழைய பெட்டிக்குள்ள ஓடிக்கினு கீது. பெட்டி சாவக் கெடக்குது. புரோகிராமை அப்படியே புது கம்ப்யூட்டர்ல போட்டா ஓடாது. அதனால கோன்னு வேற ஒரு மொழியில ஒரு பொய் மெஷின் எழுதுறேன். புரோகிராம் அதுக்குள்ள குந்திக்கினு, நாம இன்னும் பழைய வூட்லதான் கீறோம்னு நெனச்சு வேலையப் பாக்கும்."

அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "ஏமாத்துறதுக்குக்கூடவா மாசாமாசம் சம்பளம் குடுக்குறாங்க!"

விசிறி வைத்தியம்

அந்தப் பெட்டி இருப்பது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், ஒரு எடைமேடையில். லாரி மேடையேறி நின்றால் எடை பார்த்துச் சீட்டு அடிக்கும். எந்தக் கடைக்கு என்ன வழக்கம் என்பதெல்லாம் அந்தப் புரோகிராமுக்கு அத்துப்படி. எழுதியவர் மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காமல் வெளிநாடு போய்விட்டார். மிஞ்சியது பெட்டிக்கு மட்டும் புரியும் கட்டளைகள். பெட்டி நின்றால் பெரிய கம்பெனிக்கு மாறிவிடுவேன் என்று மேடை ஓனர் சொல்லிவிட்டார். எங்கள் முதலாளி ஜாஃபர் பாய்க்கு அவரை விட்டால் சொல்லிக்கொள்ள வாடிக்கை கிடையாது. அவர் போனால் எங்கள் ஆபீஸ் ஷட்டரும் இறங்கும்.

நான் பார்க்கப் போனபோது, மேடையைக் கவனிக்கும் கன்னியப்பன் அண்ணன் சூடாகிக் கொதித்த பெட்டிக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவது போல அத்தனை கரிசனம். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் கையை நிறுத்தாமலே சொன்னார்: "இத்த ஆஃப் பண்ணா மறுபடி எழுந்துக்காதும்மா. நீ ரெடி பண்ணு, அதுவரிக்கும் நான் விசிறிக்கினே கீறேன்."

முதல் கடையைக் காணோம்

லுவாவில் வரிசை ஒன்றில் தொடங்கும். கோ மொழியில் சைபரில் தொடங்கும். இது தெரிந்தே கோட்டைவிட்டேன். பெட்டியிலிருந்த புரோகிராமைப் பிரதி எடுத்து வந்து ஆபீஸில் ஓட்டிப் பார்த்தால் முதல் கடையின் சீட்டெல்லாம் இரண்டாவது கடை பேரில் வருகிறது. ஜாஃபர் பாய் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் காரணத்தை விளக்கினேன். அவர் கேட்டார்: "ரெண்டு மொழிக்கு நடுவுல பேஜாரு இருந்தா நீ பஞ்சாயத்து பண்ணும்மா செல்வி, அதுக்கு எதுக்கு ஒருத்தன் இரும்ப இன்னொருத்தன் கடையில எறக்குற?"

பறந்தது, அதான் வினை

அதைச் சரிசெய்ததும் மெஷின் பறந்தது. பழைய பெட்டி முக்கி முனகிச் செய்ததை என் மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தது. பாய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். நான் தரையில் கால் பாவாமல் சாத்தாங்காடு போனேன்.

அங்கே பழைய பெட்டியை அணைக்காமல், என் மெஷின் ஓடும் புது கம்ப்யூட்டரை மேடையோடு இணைத்தால், ஒரே லாரிக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை. கடைக்காரர் ஒருபக்கம் கத்த, டிரைவர் மறுபக்கம் கத்த, ஓனர் என்னைப் பார்த்து, "சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் எழுதியதில் தேடித் தேடியும் தப்பே கிடைக்கவில்லை. சோர்ந்துபோய் வெளியே வந்து நின்றேன்.

இந்த மேடையில் ஒரு வழக்கம். லாரியை நிறுத்தியதும் டிரைவர் இறங்கிப் பக்கத்துக் கடையில் டீயை வாங்கிக் குடிப்பார். முடிப்பதற்குள் சீட்டு வரும். அன்றைக்கு டிரைவர் கிளாஸை வாயில் வைக்கும் முன்பே சீட்டு வந்துவிட்டது. லாரியைப் பார்த்தேன். ஏற்றியிருந்த கம்பிகள் இன்னும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன!

ஓடிப்போய்ப் புரோகிராமைப் பிரித்தேன். எடை எடுக்கும் முன் அது ஒன்று, இரண்டு என்று சும்மா எண்ணிக்கொண்டிருந்தது. பழைய பெட்டி மெதுவாக எண்ணி முடிப்பதற்குள் லாரி ஆடி அடங்கிவிடும். என் சூரப்புலி எண்ணி முடிக்கும்போதுதான் லாரி ஆட்டத்தையே தொடங்கியிருக்கும். எண்ணும் அந்த இடத்தில் மட்டும் பழைய பெட்டியின் நடைக்கு என் மெஷினை நிறுத்தி நடக்கவைத்தேன். மறுபடி எடை போட்டோம், மறுபடியும் போட்டோம். எல்லாம் ஒரே எடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிரைவர் காலி கிளாஸைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான் மெஷினு மருவாதி கத்துக்கினுச்சு. மன்சன டீ குடிக்க வுடுது பார்!"

ஓய்வு

சாயங்காலம் ஓனர் வந்தார். சீட்டுகளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பெரிய கம்பெனிப் பேச்சையே எடுக்கவில்லை. பழைய பெட்டியை அணைக்கச் சொன்னார். கன்னியப்பன் அண்ணன் அதைத் தடவிக்கொடுத்துவிட்டு ஸ்விட்சை அமுக்கினார். கையில் அட்டை மட்டும் மிச்சம். புது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போய் விசிறப்போனார். "அண்ணே, இது சூடாவாது" என்றேன். அண்ணன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அப்ப நீ குந்து கண்ணு, வேர்த்து ஊத்துது. உனக்கு விசுறுறேன்."

ஊரே மெஷினை ஓடவைக்கப் படாதபாடு படும்போது, நான் ஒருத்தி மட்டும் ஓடுகிற மெஷினைக் கொஞ்சம் நிற்கவைத்துப் பேர் வாங்கினேன்.