எனக்கு மரப்பு ஊசி உண்டு

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு சுன்னத் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. "சின்ன ப்ரொசீஜர்தான்" என்றார். சர்க்கரை ஏறி, முன்தோல் இறுகி, களிம்புகள் எல்லாம் தோற்றுப்போன பிறகுதான் அவர் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். இப்படியே விட்டால் ஒருநாள் மூத்திரம் மொத்தமாக அடைத்துக்கொள்ளுமாம். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மனைவியிடம் சொன்னேன். "ஏனுங்க, சக்கரை அங்க வரைக்குமா போகும்?" என்றாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மாதேஸ்வரன் சாமிக்கு வேண்டிக்கறனுங்க" என்றாள்.

"என்னன்னு வேண்டிக்குவ?"

"பொதுவா வேண்டிக்கறன்."

மைசூரில் நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லி லீவு கேட்டேன். அங்கே நான்தான் ஆஸ்தான கோமாளி. யாருக்கு வழுக்கை விழுந்தாலும், யாருக்கு மூலம் வந்தாலும் முதல் ஜோக் என்னுடையது. இது வெளியே தெரிந்தால் ஓய்வுபெறும் வரை என் தலை உருளும். தலை மட்டுமா.

பயத்தில் எந்நேரமும் போனும் கையுமாக இருந்தேன். வலிக்குமா என்று தேடப் போனவன், மனிதன் இதை ஏன் தொடங்கினான் என்பதில் போய் விழுந்தேன். எகிப்தில் ஒரு கல்லறைச் சுவரில் இதைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். வெட்டப்படுகிறவனின் கைகளைப் பின்னாலிருந்து ஒருவன் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு இரண்டு தோசை குறைந்தது.

மதியச் சாப்பாட்டு மேசையில், கொள்ளேகால்காரரான முஸ்லிம் நண்பரிடம் சுன்னத் பக்கம் பேச்சைத் திருப்பினேன். வலிக்குமா என்று நேரடியாகக் கேட்க வெட்கம். அதனால் ஆராய்ச்சியாளன் வேஷம். "சுத்தத்துக்குன்னு சிலர் சொல்றாங்க. இவன் எங்க கூட்டம்னு உடம்புலயே முத்திரை குத்தறதுன்னு சிலர். வலிய தாங்கினவன் கூட்டத்தை விட்டு ஓடமாட்டான்னு பரிணாமக்காரங்க ஒரு கணக்கு சொல்றாங்க. நாங்க காது குத்தறமே, அது மாதிரி. என் அக்கா பையனை மடியில வெச்சு நான்தான் பிடிச்சேன். கத்தற வாயில வெல்லத்தை அடைச்சேன். உங்களுக்கு எப்படி, வலிச்சுதா?"

"நெனப்பில்ல குரு. குதிரை மேல ஏத்துனாங்க, மாலை போட்டாங்க, வீடு பூரா பிரியாணி. ஆறு வயசு. கல்யாணம்னே நெனச்சேன்" என்றார். பிறகு, "பொண்ணுங்களுக்கும் சில எடத்துல செய்வாங்களாமே, நெஜமா?" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். "எல்லாத்துலயும் சம உரிமை கேட்டா அதுவும்தானே வரும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கணக்குப் பிரிவு மேடம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார். வடக்கேயிருந்து வியாபாரத்துக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பம் அவருடையது. என் ஜோக்குகளுக்கு வழக்கமாக முதலில் சிரிப்பவர்.

கை கழுவுகிற இடத்தில் பின்னாலேயே போய் நின்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

அவர் குழாயை மூடவில்லை. எங்களுக்குள் எப்போதும் பேசும் கன்னடத்தில்தான் சொன்னார். "எனக்கு அப்ப ஏழு வயசு சார். பெரியம்மா ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போனாங்க. யாரோ ஒரு அம்மா வீடு. காலை ரெண்டு பேர் பிடிச்சாங்க. மாலையும் இல்ல, குதிரையும் இல்ல. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க. ஐஸ்கிரீம் மட்டும் வாங்கித் தந்தாங்க."

நான் படித்ததில் இதுவும் இருந்தது. பெண்ணின் ஆசையை அடக்கி, அவள் ஒருவனுக்கே உரியவள் என்று உறுதிசெய்து கட்டிக்கொடுப்பதற்காக வந்த வழக்கம் என்று போட்டிருந்தது. அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருந்தேன். எனக்கு வலிக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

உண்மையைச் சொல்லிவிட்டேன். "குடலிறக்கம் இல்ல மேடம். எனக்குத்தான் சுன்னத். திங்கட்கிழமை. பயத்துல உளறிட்டேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மரப்பு ஊசி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"உங்களைக் கேட்டுத்தானே செய்றாங்க?"

"ஆமா."

"அப்ப போயிட்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே போனார். அடுத்த நாளும் காலை வணக்கம் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை மேசையில் படுத்தேன். இடுப்புக்குக் கீழே பச்சைத் துணி. ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து, "வலிச்சா உடனே சொல்லுங்க" என்றார் டாக்டர்.

ஏதோ தொட்ட மாதிரி இருந்தது. "வலிக்குது சார்" என்று கத்தினேன்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் நர்ஸ். டாக்டர் சிரித்தார். ஆனாலும் கையை எடுத்துவிட்டார். நான் சரி என்று சொல்லும் வரை எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.