வௌவால் வட்டத்துக்கு வெளியே ஒரு வீடு

மில்லரா கவுன்சில் அலுவலகத்தில் வரைபடம் என்றால் ரோவினாதான். எந்தத் தெருவுக்கடியில் எந்தக் குழாய் ஓடுகிறது, எந்தக் கரும்பு வயல் யாருடையது என்பதெல்லாம் அவள் கணினிக்குள் அடுக்கடுக்காய்க் கிடக்கும். அதிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதில் கெட்டிக்காரி. திரையை விட்டு எழுந்துவிட்டால் மட்டும் வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாது. கெய்ர்ன்ஸ் நகரத்துக்குப் போனபோது ஒருமுறை காரை நிறுத்திய இடத்தை மறந்து, கடைகள் மூடும்வரை காத்திருந்து, கடைசியாக மிஞ்சிய கார்தான் தன்னுடையது என்று கண்டுபிடித்தாள். கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டும் அவள் புருஷன் சால்வு, இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண விருந்து கிடையாது.

அந்த வருஷம் ஓடைக்கரை அத்திமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக வந்து குடியேறின. அவற்றைக் காக்கச் சட்டம் இருக்கிறது, துரத்த முடியாது. ஆனால் அவற்றின் எச்சத்தில் கார்களும் காயப்போட்ட துணிகளும் நாறிப்போயின. மரங்களுக்குப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும், காரையும் துணிக்கொடியையும் மூட இலவசமாகப் போர்வை உறை தருவது என்று கவுன்சில் தீர்மானித்தது. எந்தெந்த வீடு என்று வடிகட்டும் பொறுப்பு ரோவினாவுக்கு வந்தது.

மரங்களைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் இருக்கும் மனைகளை மட்டும் காட்டு என்று மென்பொருளைக் கேட்டாள். அது முந்நூறை மீட்டராக எடுத்துக்கொள்ளாமல் அட்சரேகை அளக்கும் டிகிரியாக எடுத்துக்கொண்டது. பூமிப்பந்தையே வளைத்துவிடும் தூரம் அது. திரையில் மில்லராவின் அத்தனை மனைகளும் மஞ்சளாய் ஒளிர்ந்தன, கடலுக்குள் கலங்கரை விளக்கம் நிற்கும் தீவு உட்பட.

சாலை வேலைகளைக் கவனிக்கும் டூகல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலங்கரை விளக்கத்துக்கும் உறை போடப் போறோமா? கொஞ்சம் பெரிய சைஸா வாங்கணுமேம்மா."

ரோவினா அளவை மாற்றினாள். இந்த முறை ஓடையைச் சுற்றி ஒழுங்கான வட்டம் விழுந்தது. வட்டத்தின் கோடு உரசிய மனைகளும் மஞ்சளாயின. அதில் டூகலின் மனையும் ஒன்று.

"உங்க கொல்லைல ஒரு மூலைதான் தொடுது டூகல். அதுக்கு உறையா?"

"தொட்டா தொட்டதுதானே. என் படகு பாவம், வெயில்லயும் மழைலயும் கிடக்கு."

ரோவினாவுக்கு அவரைச் சும்மா விட மனமில்லை. மனையின் நடுப்புள்ளி வட்டத்துக்குள் விழுந்தால்தான் கணக்கு என்று விதியை இறுக்கினாள். டூகலின் மனை அணைந்தது. அவளுக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

உறைகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பிறகு, பெர்பெச்சுவா வெல்லா என்கிற மால்ட்டாக்காரக் கிழவி அலுவலகத்துக்கு வந்தாள். கையில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு. அதை ரோவினாவின் மேசைமேல் விரித்தாள். முழுக்கப் பழுப்புத் திட்டுகள்.

"நீ மேப் படிக்கிறவளாமே. இது எந்த ஊர்னு சொல்லு பாப்போம்."

ரோவினா மூக்கைப் பிடிக்காமல் இருக்கப் பாடுபட்டபடி திரையைப் பார்த்தாள். "உங்க மனை வட்டத்துக்கு வெளிய இருக்குங்க, மிஸஸ் வெல்லா."

"வெளியவா? அத்திமரம் என் சமையக்கட்டு ஜன்னலத் தட்டுதுடி பொண்ணே. உன் வட்டத்துக்குக் கண்ணு தெரியுதா இல்லியா?"

ரோவினாவுக்குக் காது சுட்டது. நேரில் பார்த்துவிடுவது என்று காரை எடுத்தாள். போன சாலை சர்க்கரை ஆலை வாசலில் கொண்டுபோய் விட்டது. திரும்பி வேறு சாலையில் போனாள். அதுவும் ஆலை வாசலுக்கே வந்தது. காவலாளி கையசைத்தான். கடைசியில் ஜன்னலைத் திறந்துவிட்டு, நாற்றம் அதிகமாகும் பக்கமாகவே ஓட்டி வந்து சேர்ந்தாள்.

வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வீடு அத்திமரத்தின் காலடியில் இருந்தது. ஆனால் மனை என்பது வீடு மட்டுமில்லை. வீட்டுக்குப் பின்னால் கரும்பு நீண்டு நீண்டு, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயிலின் தண்டவாளம்வரை போயிற்று. அதன் நடுப்புள்ளி எங்கோ கரும்புக்குள் கிடந்தது. அங்கே யாரும் துணி காயப்போடுவதில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியவள், வான்படத்திலிருந்து வரைந்து வைத்திருந்த கூரைகளை எடுத்து, மனைகளுக்குப் பதில் அவற்றை வட்டத்தோடு ஒப்பிட்டாள். பெர்பெச்சுவாவின் வீடு மஞ்சளாயிற்று. விடுபட்ட வேறு சில கரும்பு விவசாயிகளின் வீடுகளும் வந்தன. கூடவே கொல்லை மூலையிலிருந்து ஒரு சின்னச் சதுரமும் வந்தது. வெயிலிலும் மழையிலும் கிடப்பதாகச் சொன்ன படகுக்கு டூகல் போட்டிருந்த கொட்டகை.

"கூரை கூரைதானேம்மா" என்றார் டூகல், வெகு பணிவாக.

பெர்பெச்சுவாவின் உறையை ரோவினாவே கொண்டுபோனாள். "என் தப்புதாங்க. ஒரு ஆள கழிச்சுவிடப் போயி உங்களையும் விட்டுட்டேன்."

கிழவி உறையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வௌவால் மேல எனக்கு என்ன கோவம்? சாயங்காலமானா வேற யாரு இருக்கா பேச? ஆனா ஊருக்கே குடுத்துட்டு என்ன மட்டும் விட்டா, நான் செத்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வருதில்ல. உக்காரு. பஸ்தீசி சூடா இருக்கு."

பாலாடைக்கட்டி வைத்த அந்தப் பலகாரத்தை ரோவினா ஊதி ஊதித் தின்றாள். வெயில் இறங்கியதும் மரம் முழுக்கக் கீச்சிட்டது. முதலில் ஒன்றிரண்டாக, பிறகு வானம் கறுக்கும்படி, வௌவால்கள் கிளம்பிக் கடல் பக்கம் போயின. கிழவி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஏதாவது வசவு வைத்திருந்தாள். வெளியே நின்ற ரோவினாவின் காரில் சொத்து சொத்தென்று விழும் சத்தம் கேட்டது.

"உன் காருக்கு உறை இல்லியா?" என்றாள் கிழவி.

"நான் வட்டத்துக்குள்ள இல்லீங்களே."

பெர்பெச்சுவா இருமல் வரும்வரை சிரித்தாள். அதற்கப்புறம் வியாழக்கிழமை தோறும் பஸ்தீசி தின்றுவிட்டு ரோவினா வீடு திரும்ப நேரமானது. வழி தவறிவிட்டதாகச் சால்வுவிடம் சொல்லுவாள், அவனும் நம்புவான்.