இரண்டாவது வருகைப்பதிவு

போன மாதம் ஒரு முற்பகலில், கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதி எழுதியிருந்தபோது மேற்கே அந்தச் சத்தம் கேட்டது. முதலில் காலடியில் தரை அதிர்ந்தது, பிறகு ஜன்னல், அப்புறம்தான் காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இடியா, கல்குவாரியா, பட்டாசு ஆலையா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பே உறைந்துவிட்டது. வருகைப்பதிவெல்லாம் இப்போது செயலியில்தான், அவரவர் போனில் ஒரு தட்டு. அனைவரும் வந்திருப்பதாக என் திரை காட்டியது. ஆனால் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஆள் இல்லை. எங்கள் பழைய அட்டெண்டர் அண்ணாச்சியின் வழக்கத்தை மறுபடி தொடங்கியாக வேண்டும் என்று அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது.

அந்த வழக்கம் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. ஊருக்கெல்லாம் வெடி செய்யும் சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பட்டமளிப்பு விழாவுக்குக்கூட ஒரு சரம் கொளுத்தாத பல்கலைக்கழகம் எங்களுடையது. இதுவும் அப்படிச் சொல்லாமலே கைமாறி வந்த ஒன்று. மேற்கே சத்தம் கேட்டால் எங்கள் வேதியியல் துறையில் பாடம் நின்றுவிடும். அட்டெண்டர் அண்ணாச்சி நீள ரிஜிஸ்டரோடு வந்து கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொரு பெயராக மறுபடி கூப்பிடுவார். சீசன் நாளில் வகுப்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுக் கூலி வேலைக்கு ஆலை வேனில் ஏறிவிடும் பிள்ளைகள் எப்போதும் உண்டு. பதில் வராத பெயருக்கு உடனே வீட்டுக்குத் தகவல் போகும். எல்லாம் முடிந்த பிறகு, எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒரு பையனின் பெயரையும் வாசிப்பார். வாசித்துவிட்டு, காதைச் சற்றுச் சாய்த்தபடி காத்திருப்பார்.

நான் முதலாமாண்டு படித்தபோது அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், யாரோ வராத பையனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். பேனா அவர் கையிலிருந்து நழுவியது. நேராக என் பெஞ்சுக்கு வந்தார்.

"ஏ முந்திரிக்கொட்டை, நீதான சொன்னே?"

"ஆமா அண்ணாச்சி. தெரியாமச் சொல்லிட்டேன்."

"உன் குரல் எனக்குக் கேட்டுச்சு தாயி. அதுக்கு முந்தி ஒரு பையன் குரல் கேட்டுச்சே, அது யாரு?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறந்திருக்கவில்லை. ஆனால் பின் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தங்களுக்கும் கேட்டது என்று சொன்னார்கள். இன்றுவரை எனக்கு அதற்கு விளக்கமில்லை. வேதியியல் படித்தவள் இப்படி எழுதலாமா என்று கேட்டால், எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அன்று மாலை ஆய்வகத்தில் குடுவைகளைக் கழுவியபடியே அவர் சொன்னார்: "நான் கடைசியா வாசிக்கிற பேரு இருக்கே, அந்தப் பய தாயில்பட்டிக்காரன். அவனுக்கு இன்னொருத்தன் குரல் குடுத்தான், நானும் டிக் அடிச்சிட்டேன். வெடிச்ச சத்தம் கேட்டு அவுக அம்மா ஓடி வந்து கேட் பக்கம் நின்னாக. ரிஜிஸ்டரைக் காட்டி, ஒங்க மகன் கிளாஸ்லதான் இருக்கான், பயப்படாதீக, வீட்டுக்குப் போங்கன்னு நாந்தான் அனுப்பி வச்சேன். அந்தம்மா என்னைக் கும்பிட்டுட்டுப் போனாக. மகனுக்குச் சோறாக்கி வச்சிட்டு உக்காந்திருந்தாகளாம். பய ஆலையிலயே செத்துக் கெடந்திருக்கான்." ஓய்வு பெறும் வரை அந்தப் பெயரை வாசிப்பதை அவர் நிறுத்தவே இல்லை.

அவர் ஓய்வு பெற்றதோடு ரிஜிஸ்டரும் போயிற்று; இன்று அவரும் இல்லை. இப்போது அதே துறையில் நான் கௌரவ விரிவுரையாளர்.

"ஏலே, இங்கன இருக்கிறவன் எங்க?" என்று போன மாதம் அந்தச் சத்தம் அடங்கியதும் மூன்றாவது பெஞ்சைக் கேட்டேன். பக்கத்துப் பையன் மேஜைமேல் இரண்டு போன்களை எடுத்து வைத்தான்.

"அவன் போன் எங்கிட்டதான் இருக்கு மேடம். அட்டெண்டன்ஸ் போடக் குடுத்துட்டுப் போனான். ஏதோ பட்டாசுக் கம்பெனியில லோடு ஏத்துற வேலைன்னான். எந்தக் கம்பெனின்னு சொல்லல."

அவனைக் கூப்பிட வழியே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் அந்தப் போன் மேஜைமேல் அதிரத் தொடங்கியது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. யாரும் தொடவில்லை. கையில் எடுக்கையில், பயப்படாதீக என்ற சொல்தான் என் வாயில் முதலில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "அம்மா, நான் அவன் டீச்சர். அவன் கிளாஸ்ல இல்ல. வேலைக்குப் போயிருக்கான். எந்தக் கம்பெனின்னு தெரியுமா?" என்றேன்.

அழுகையை எதிர்பார்த்தேன். "அவன் மாமா மேஸ்திரியா இருக்கிற எடந்தான். எனக்குத் தெரியும். ஆளுகளோட போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் நாங்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை. பிறகு அதே போனில் மறுபடி அழைப்பு. இடிந்த சரக்குக் கிட்டங்கிச் சுவருக்குப் பின்னால் கால் முறிந்து, உயிரோடு கிடந்தானாம். எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று தேடாமலே திரும்ப இருந்தவர்களை, அந்தம்மா வந்துதான் நிறுத்தினாராம்.

நீள நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அம்மாவின் எண் ஏறிக்கொண்டிருக்கிறது. கடைசி வரி மட்டும் காலி. அந்தப் பெயரை என் குரலில் வாசிக்கலாமா என்று கேட்க வேண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். விசாரித்தேன், இன்னும் தாயில்பட்டியில்தான் இருக்கிறாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.