அரைக்காத களிமண்

ரெஜினா மேடம் இறந்த செய்தி எனக்கு நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் கிடைத்தது. வேலைக்குப் போகும் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த அவருடைய தம்பி சேவியர், "அக்கா பூட்ச்சு சார். காபி குடிச்சுகினு இருந்துச்சு, அப்டியே சாஞ்சிடுச்சு" என்றார். என் ரயில் வந்தது, போனது. அவருடன் பாடி தொழிற்சாலையில் வேலை செய்த உங்களில் பலருக்கு அன்று மாலைதான் தெரிந்திருக்கும்.

பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. சூளையில் வெந்த களிமண் ஏன் சில சமயம் விரிசல் விடுகிறது என்று பார்ப்பது வேலை. நான் விரிசலைப் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். அவரோ மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். வினை அங்கேதான் பிடித்தது.

பெங்களூரில் அப்போது ஒரு பெரிய காந்தக் கருவி வந்திருந்தது. திடப்பொருள் என்.எம்.ஆர். என்பார்கள். மண்ணைச் சின்னக் குழாயில் அடைத்து, காந்தத்துக்குள் சாய்வாக வைத்துப் படுவேகமாகச் சுழற்றினால், மண்ணிலுள்ள அலுமினிய அணு தன்னைச் சுற்றி எத்தனை ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். சுடாத மண்ணில் ஆறு. சுட்ட மண்ணில் நாலும் ஆறும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த பாடம். மேடம் கொண்டுவந்த வரைபடத்தில் அந்த இரண்டு முகடுகளுக்கும் நடுவே இன்னொரு மேடு எழும்பியிருந்தது. ஐந்து! அன்று ஆய்வுக்கூடம் முழுவதற்கும் அவர் செலவில் டீயும் சமோசாவும்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒப்பீட்டுக்காகக் கொண்டுபோன சுடாத மண்ணிலும் அதே மேடு லேசாகத் தெரிந்தது. ஆலை வழக்கப்படி மண்ணை முகப்பவுடர் மாதிரி ஆகும்வரை மில்லில் அரைத்திருந்தோம். அந்த அரைப்பே அணுக்களின் அடுக்கைக் கலைத்துவிட்டது. அவரேதான் அதைக் கண்டுபிடித்தார். அவரேதான் போய் வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னார். "அரைச்சா மண்ணு பொய் சொல்லும் சார். இனிமே கையால உதுத்துட்டுதான் எடுத்துகினு போவணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடி பெங்களூர் போய் வந்தார். இம்முறை சுடாத மண்ணில் ஆறு மட்டும். சுட்டதில் ஐந்து அசையாமல் நின்றது.

அந்தப் பேராசிரியரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இதையும் தன் பிரசுரப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார். "அரைச்சதுல வந்த கோளாறுன்னு நீயேதானேம்மா சொன்னே. அந்த அஞ்சை எடுத்துடு, கையெழுத்துப் போடறேன்" என்றார். புதிய வரைபடத்தை எதிரே விரித்து வைத்தும் குனிந்து பார்க்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். "மண்ணுல இருக்கறத நான் எப்டி சார் எடுக்கறது?" என்று மேடம் கேட்டார். கையெழுத்து விழவில்லை. பதிவுக் காலம் முடிந்து பட்டமும் போயிற்று. உண்மையைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த மரியாதை அது.

சில ஆண்டுகளில் வெளிநாட்டு ஆய்விதழ்களில் அந்த ஐந்து வந்துவிட்டது. உடனே பேராசிரியருக்கு ஞானம் பிறந்தது. வேறொரு மாணவரை வைத்து அதே அளவீட்டைச் செய்து கருத்தரங்கில் வாசித்தார். மண்ணைக் கையால் உதிர்ப்பது தங்கள் முறை என்று கூசாமல் சொன்னார். கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த மேடம், "வாங்க சார், பஸ்ல கூட்டம் ஏறிடும்" என்று எழுந்தார்.   

அடக்கத்தன்று பட்டாபிராமில் மேடத்தின் வீட்டுக்கு அந்தப் பேராசிரியரும் மாலையோடு வந்தார். சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியில் 'டாக்டர் ரெஜினா' என்று போட்டிருந்தது. சேவியரை ஓரமாக அழைத்து, "தம்பி, அவங்க முடிக்கலையே. யாராவது கேப்பாங்க" என்றார்.

சேவியர் குரலைத் தாழ்த்தவில்லை. "இன்னா சார், நீ குடுக்கல. நாங்க குடுத்துகினோம். எவன் கேக்கறான், இட்டுகினு வா பாப்போம்."

கோயிலில் பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். மேடம் ஞாயிறு பூசை தவறாதவர். பேராசிரியரை மன்னித்துவிட்டீர்களா என்று நான் ஒருமுறை கேட்டதுண்டு. "மொதல்ல அவரு கேக்கட்டும் சார்" என்றார். பேராசிரியர் கேட்கவே இல்லை. அடக்கம் முடிந்ததும் என்னிடம் வந்து, "நல்ல உழைப்பாளி, பாவம்" என்று கை நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேடம் கொடுக்காத மன்னிப்பை நான் கொடுப்பதாக இல்லை. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான்.