முதல் கூப்பாடு கணக்கில் வருமா?

பேய், பிசாசு என்று எவராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காணிக் கந்தோரில் உத்தியோகம் பார்த்து முப்பத்திரண்டு வருடம் எல்லைத் தகராறு விசாரணை நடத்தியிருக்கிறேன். புளியமரத்தில் ஏதோ இருக்கிறது, ஆகவே எல்லைக்கல் நட விடமாட்டோம் என்று மனுக் கொடுத்தவர்கள் உண்டு. மரத்தில் இருப்பவரை விசாரணைக்கு வரும்படி முறைப்படி மூன்று தரம் கூப்பிடுவித்து, 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதி விசாரணைக் கோவையை மூடியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

என் தங்கையின் மகள் சுகன்யா ஒரு வீடியோ கேம் செய்திருந்தாள். நான்கு பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோணியில் வாவிக்குள் போகிறார்கள், எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்களே, அதைக் கேட்கத் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைக்கிறார்கள், மீனுக்குப் பதிலாக வேறொன்று பேசுகிறது. இவ்வளவுக்கும் மூன்று வருடம் கண் கெட இருந்தாள். கொழும்பில் ஒரு கம்பனி, முப்பது பேருக்குக் காட்டி அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கி அனுப்பு, பிடித்திருந்தால் எடுக்கிறோம் என்றிருந்தது. எடுக்காவிட்டால் வங்கியில் பயிலுநராகச் சேர வேண்டும் என்பது தங்கையின் உத்தரவு. வங்கிக் கடிதம் ஏற்கெனவே சாமிப் படத்தடியில் இருந்தது.

எழுத்தில் என்றதும் படிவம் தயாரிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தொடர் இலக்கம், பெயர், முகவரி, கையொப்பம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. ஆறாவது கூட்டில் 'விளையாட்டில் அழைக்கப்பட்ட பெயர்' என்று ஒன்று வைத்தேன். விளையாட்டைப் பார்க்காமல் தூங்கியவர்களைப் பிடிப்பதற்கு.

புளியந்தீவில், வாவிப் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு மண்டபம். பின்னேரம் நாலு மணி, நல்ல வெயில், நிறையச் சனம். பேய்க்கு வசதியான நேரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். சுவரில் விளையாட்டு ஓட, முன்வரிசையில் இருந்த, எல்லோருக்கும் அண்ணன் முறையான காத்தான்குடிப் புடவைக்கடை சலீம் காக்காவிடம் விளையாட்டை நகர்த்தும் பொத்தான் பெட்டியைக் கொடுத்திருந்தாள்.

பயப்படுவார்கள் என்று பார்த்தால் ஒருவரும் பயப்படவில்லை, குறை பிடித்தார்கள். கல்லடியில் மீன் விற்கும் மங்களம் அக்கா, அந்தப் பெட்டை தோணியில் நிற்கிற நிற்புக்குப் பேய் தேவையில்லை, தானாகவே விழுவாள் என்றார். பிள்ளைகள் ஏன் டோர்ச் கொண்டுபோகவில்லை என்று சலீம் காக்கா விசாரித்தார். நான் உட்பட யாரும் சிரிப்பை அடக்கவில்லை, சுகன்யாவைத் தவிர.

பிறகுதான் அந்த இடம் வந்தது. தண்ணீருக்குள் இருந்து ஒரு குரல், "நிரோஜா" என்று கதாநாயகியைக் கூப்பிட்டது. பதில் சொல்ல ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால்தான் கதை நகரும்.

சலீம் காக்கா அழுத்தவில்லை.

"அழுத்துங்க காக்கா" என்றாள் சுகன்யா.

"நான் ஏன் அழுத்திற? இன்னும் ரெண்டு தரம் கூப்பிடட்டும். எங்கட வாப்பா கடைக்குள்ள இருந்து கூப்பிட்டாலும் மூணாவதுக்குத்தான் நான் ஓம் எண்டுற."

மண்டபமே அவர் பக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தரம்வரை வாய் திறக்கக் கூடாது, அது இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது என்பது இங்கே பிறந்த எவருக்கும் தெரியும். சுகன்யாவுக்கும் தெரியும், கொழும்புக்காரரை நினைத்துச் செய்ததில் மறந்துவிட்டாள். அவள் ஒரு கூப்பாடுதான் பதிவு செய்திருந்தாள். எழுந்து போய்த் தானே அழுத்தப் பார்த்தாள். மங்களம் அக்கா கையைப் பிடித்துவிட்டார்.

"வாயத் துறக்காதகா. ஒருக்காத்தானே கூப்பிட்டிரிக்கி."

முப்பது பேர் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். சுவரில் தோணி ஆடிக்கொண்டே நின்றது. "முடிஞ்சுது மாமா" என்று சுகன்யா என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அந்த வங்கிக் கடிதம் கண்ணில் வந்தது.

அப்போது இரண்டாவது கூப்பாடு கேட்டது. ஒலிபெருக்கி முன்னால் இருந்தது, இது ஜன்னல் பக்கமிருந்து வந்தது. என்ன பெயர் என்று சரியாகப் பிடிபடவில்லை. சனம் திருப்தியாகத் தலையாட்டியது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கேட்டது என் பெயர். மாமா என்று கூப்பிடுகிற சுகன்யா பெயர் சொல்லுவாளா என்று யோசிக்காமல், பிள்ளைதான் உதவிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, விசாரணையில் ஆட்கள் எழும்புவதுபோல எழும்பி, "ஓம், வந்திருக்கிறன்" என்றேன். சலீம் காக்கா திடுக்கிட்டுப் பொத்தானை அழுத்திவிட்டார். கதை நகர்ந்தது. கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் எடுத்தது.

சுகன்யாவைப் பார்த்தேன். அவள் கையை மங்களம் அக்கா இன்னும் பிடித்திருந்தார், வாய் மூடியபடி இருந்தது.

வீட்டுக்கு வந்து, எல்லோரும் நிரப்பித் தந்த படிவங்களைச் சரிபார்த்தேன். அபிப்பிராயம் எல்லாம் அபாரம், காத்திருக்க வைத்த இடம்தான் திறம் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஆறாவது கூட்டில்தான் பிழை. நிரோஜா என்று ஒருவரும் எழுதவில்லை. சலீம் என்று சலீம் காக்கா, மங்களம் என்று மங்களம் அக்கா. பெயருக்கு மேலே தனிக் கூடு இருக்க, இங்கேயும் ஏன் தங்கள் பெயரையே எழுதுகிறார்கள் என்று சினந்து, திருத்தித் தரும்படி ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே போனேன். கடைசிப் படிவத்தில் பேனை நின்றது. அது என்னுடையது. ஆறாவது கூட்டில் என் கையெழுத்தில் என் பெயர்.

சிவப்புக் குறிப்புகளோடேயே படிவங்கள் கொழும்புக்குப் போயின. கம்பனி எடுத்துவிட்டது, வங்கிக் கடிதம் இன்னும் சாமிப் படத்தடியில்தான் இருக்கிறது. போன கிழமை சுகன்யா கொழும்பிலிருந்து பேசினாள். படிவங்களில் எல்லோரும் புகழ்ந்த இடத்து அந்த இரண்டு கூப்பாட்டின் ஒலியையும் கம்பனி அனுப்பச் சொல்கிறதாம். கணினியில் இல்லை. மண்டபத்தில் ஒருவர் ஃபோனில் எடுத்த காணொளியிலும் இல்லை, வெறும் அமைதி, பிறகு நான் எழும்பி ஓம் சொல்வது மட்டும் இருக்கிறதாம்.

முறைப்படி மூன்றாவதுக்குத்தானே பதில் சொன்னேன் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"முதலாவது என்ட குரல் மாமா, நான் பதிஞ்சது. அத எப்பிடி எண்ணுற? அப்பிடிப் பார்த்தா நீங்க ரெண்டாவதுக்கெல்லோ ஓம் எண்டிருக்கிறீங்க."

பதிவு செய்த கூப்பாட்டை எண்ணலாமா என்பதற்குச் சுற்றுநிருபம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். கூப்பிட்டதற்கு வந்திருக்கிறேன் என்று ஆள் சொல்லிவிட்டால், அவரை விசாரிக்காமல் கோவையை மூட முடியாது.