அலை வந்த நாளில் பிறந்தவள்

என் மகளின் பிறந்த தேதியைச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். பள்ளியில் சேர்க்கும்போது, ஆதார் எடுக்கும்போது, பாங்கில் கணக்குத் தொடங்கும்போது, எல்லா இடத்திலும் இது நடந்திருக்கிறது. "ரெண்டாயிரத்து நாலு, டிசம்பர் இருபத்தாறு" என்பேன். "சுனாமி அன்னிக்கா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடுவேன்.

காஞ்சிபுரத்திலிருந்து கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அன்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நாளை வெறும் பிறந்தநாளாக என்னால் ஒருபோதும் நினைக்க முடிந்ததில்லை. காரணம், எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் அவருடைய ஊர். கணவர் கடலுக்குப் போகிறவர். இங்கே ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை. வாரம் முழுக்க வாடகை அறையில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஊருக்குப் போவார். ஆறு வயதுப் பெண் குழந்தை அவருடைய அம்மாவிடம் வளர்ந்துகொண்டிருந்தது. மாதா மாதம் செக்கப்புக்குப் போனபோதே இதெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

கூட வேலை பார்த்த பெண்கள் கிறிஸ்துமஸுக்கு லீவு எடுத்ததால் அந்த இரவு முழுக்க அவர்தான் டியூட்டி. காலை ஆறரை மணி இருக்கும், என் கட்டில் லேசாக ஆடியது. வலியில் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். "நெலம் ஆடுற மாதிரி இல்ல?" என்று அக்காவே கேட்டார். அதற்குள் எனக்கு அடுத்த வலி வந்துவிட்டது.

ஏழு மணிக்கு அவருடைய வேலை முடிந்தது. புடவை மாற்றி, தோளில் பையோடு சொல்லிக்கொண்டு போக வந்தார். பையில் யாரோ கொடுத்த கேக் பொட்டலம், மகளுக்காக. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போவாதீங்கக்கா. எனக்கு பயமா இருக்குது."

"டாக்டர் வந்துட்டாங்கமா. பகல் டியூட்டி பொண்ணும் வந்துடுச்சு."

"நீங்க இருங்கக்கா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பையை ஜன்னல் திண்டில் வைத்தார். "சரி, அடுத்த பஸ்ஸுக்குப் போறேன். எங்க போவுது ஊரு" என்றார்.

எட்டேகால் மணிக்கு என் மகள் பிறந்தாள். முதலில் அவளைக் கையில் ஏந்தியவர் அக்காதான். துடைத்து, துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினார். கொஞ்ச நேரத்தில் கிளம்பியும் விட்டார். ஆனால் வாசல் வரை போனவர் திரும்பி வந்து, வரவேற்பு மேசையிலிருந்த போனை எடுத்ததைத் திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். எண்ணைச் சுழற்றினார், வைத்தார், மறுபடி எடுத்தார். அப்போதுதான் கூட்டிப் பெருக்கும் அம்மா உள்ளே வந்து, "கடலு ஊருக்குள்ள பூந்துடுச்சாம். டிவில காட்டிக்கினு இருக்கான்" என்றார். என் மாமியார் வெளியே வராந்தாவில் கல்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். போர்வையைச் சரி செய்தார். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி பால் குடுமா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது. அவருடைய அம்மாவைச் சவுக்குத் தோப்பில் கண்டெடுத்தார்கள். மகள் கிடைக்கவில்லை. கணவர் விடியற்காலையிலேயே படகில் ஆழக் கடலுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். கரைக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

நான் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல நாள் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன். "செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் போய், அங்க எறங்கறதுக்குள்ள ஒன்பதரை ஆயிருக்கும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு. நீ இன்னா பண்ணுவ?" என்று என் கணவர் சொல்வார். அவர் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர். எதையும் கட்டம் கட்டமாகப் பார்ப்பவர். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் அந்தக் கணக்கு எனக்கு ஆறுதல் தரவில்லை.

முதல் பிறந்தநாளன்று மாலை நான்கு மணிக்கு அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். காலையில் ஊரில் கடலுக்குப் பால் ஊற்றிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு குட்டி கவுன். நாங்கள் அழைத்திருக்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கேசரி ஒரு வாய் சாப்பிட்டார். போகும்போது, "இன்னிக்கு எங்கியாவது ஒரு நல்லது நடந்துதுன்னு பாக்கணும் போல இருந்துதுமா" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தார். மகளுக்குப் பேச்சு வந்ததும் அவரை நர்ஸ் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிறந்தநாள் என்றால் பலூன், கேக்கு, நர்ஸ் பெரியம்மா என்றே அவள் மனதில் பதிந்திருந்தது.

என் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "பொறந்த நாளும் அதுவுமா, கருமாதி பண்ண கையோட வருது அந்தப் பொண்ணு. கொழந்தைக்கு ஆவுமா?" என்பார். நான் முதல் நான்கு வருடம் சண்டை போட்டேன். ஐந்தாவது பிறந்தநாளில் அக்கா என் மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே, "அடுத்த வருஷம் எம் பொண்ணு வயசு ஆயிடும் இவுளுக்கு" என்றார். சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். அன்று அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த வருடம் தீபாவளி கழிந்து என் மகளுக்கு டெங்கு வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் ஊசி ஏற்றிய வீக்கத்தோடு அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை எங்கிருந்தோ வந்து என் காதில் உட்கார்ந்துகொண்டது. நான் படித்தவள், பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள். இருந்தும் பயந்தேன். மாமியார் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி அக்காவுக்குப் போன் செய்தேன். "இந்த வருஷம் நாங்க திருப்பதி போறோங்க அக்கா. உடம்பு சரியானதுக்கு வேண்டுதல். ஊர்ல இருக்க மாட்டோம்" என்றேன். "நல்லா போயிட்டு வாங்கமா. புள்ளைய பாத்துக்கோ" என்றார்.

இருபத்தாறாம் தேதி மாலை எங்கள் கூடத்தில் பத்துப் பிள்ளைகள் நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலை மூட நான் போனேன். கேட்டுக்கு வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தார். பரிசைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்க வேண்டும். வாசலில் குவிந்து கிடந்த சின்னச் சின்னச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு கையிலிருந்த துணிப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, தெருவின் ஓரமாக நடந்து போனார். நான் ஓடிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். கதவைத் திறந்தால் போதும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பும்வரை நின்றேன்.

பை யாருடையது என்று மகள் கேட்டாள். "யாரோ தெரியாம மாட்டிட்டுப் போயிருக்காங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரு வருடம் கழித்துப் போன் செய்தபோது அந்த எண் இல்லை என்றது. ஆஸ்பத்திரியில் கேட்டேன், வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார் என்றார்கள். ஊர் எனக்குத் தெரியும். போகவில்லை.

மகள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒவ்வொரு பிள்ளையும் தன் பிறந்தநாளில் உலகத்தில் என்னென்ன நடந்தது, யார் யார் பிறந்தார்கள் என்று சார்ட் எழுதி வரச் சொன்னார்கள். அவளும் அவள் அப்பாவும் உட்கார்ந்து தேடினார்கள். கணிப்பொறியை முதன்முதலில் கற்பனை செய்த ஆங்கிலேயர் அந்தத் தேதியில் பிறந்திருந்தார். சீன தேசத்தைப் புரட்டிப்போட்ட தலைவரும் அதே தேதிதான். பிரான்ஸில் ஒரு விஞ்ஞானத் தம்பதி ரேடியத்தைப் பற்றி அறிவித்ததும் அன்றே. அவள் பிறப்பதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு, அதே தேதியில், ஈரானில் ஒரு பழைய நகரம் நிலநடுக்கத்தில் விழுந்திருந்தது. அப்புறம் சுனாமி. பிறந்தவர்களைப் பச்சை ஸ்கெட்ச்சிலும் இறந்ததையெல்லாம் கறுப்பிலும் எழுதினாள். கறுப்புப் பக்கம் பெரிதாக இருந்தது.

"பொறந்தநாள் சார்ட்ல சாவெல்லாம் எதுக்கு, அழிச்சிட்டு வா" என்று அவள் டீச்சர் சொல்லியிருக்கிறார். இவள் மறுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "அம்மா, அவங்கல்லாம் செத்துக்கினு இருந்தப்ப நம்ம வீட்ல ஸ்வீட் குடுத்தீங்களா?"

"எங்களுக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்ச பிறகு நிறுத்தினீங்களா?"

மாமியார் அன்று கல்கண்டுத் தட்டைக் கீழே வைத்தாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. மகள் இப்படிக் கேட்ட பிறகுதான், அக்கா ஊருக்குப் போகாமல் எனக்காக நின்றதையும், அவருடைய மகளைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். கேட்டில் மாட்டிய பையைப் பற்றிச் சொல்லவில்லை.

மாமியார் இறந்து இப்போது நான்கு வருடம் ஆகிறது. மகள் ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். இருபதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, "இந்த வருஷம் கேக்கு வேணாம்மா. நர்ஸ் பெரியம்மாவ போய் பாக்கலாம்" என்றாள். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

விடிவதற்கு முன் பஸ் பிடித்தோம். செங்கல்பட்டு தாண்டியதும் அந்தப் பிறந்தநாள் மாலையைப் பற்றி அவளிடம் சொன்னேன். போன் செய்து பொய் சொன்னது, ஜன்னலில் நின்றது, எல்லாம். அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் கடைசியில். "நானும் பாத்தேன். உன் பின்னாடிதான் நின்னுக்கினு இருந்தேன். அதான் பை யாருதுன்னு கேட்டேன். நீ ஏன் கூப்புடலன்னுதான் தெரியாம இருந்துது."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீ அழுதுக்கினு இருந்தியேம்மா."

திருக்கழுக்குன்றத்தில் இறங்கி அடுத்த பஸ் ஏறினோம்.

கடற்கரையில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பெண்கள் பால் சொம்போடு தண்ணீர் ஓரம் நின்றார்கள். "நர்ஸம்மாவா? தோ, அந்த வலை கிட்ட" என்று ஒரு பெண் கை காட்டினார். நான் கடைசியாகப் பார்த்தபோது கறுகறுவென்று இருந்த முடி முழுக்க வெளுத்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். சொம்பைக் கணவரிடம் கொடுத்தார்.

"ஏம்மா, திருப்பதில கூட்டமா?" என்றார்.

நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். மன்னிச்சிடுங்கக்கா என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவர் என்னைத் தூக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பயந்துட்ட. அது எனக்கு அன்னிக்கே புரிஞ்சிது" என்றார். "பெத்தவளுக்கு பயம் வரும். அத நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா வராதீங்கன்னு நேரா சொல்லியிருக்கலாம்மா. நான் அந்த செருப்பெல்லாம் பாத்துக்கினு நின்னப்ப... வுடு. கோவம் இருந்துது. இப்பவும் கொஞ்சம் இருக்குது."

நான் தலையாட்டினேன். அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு அவர் என் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "எம்மா ஒசரம் ஆயிட்ட. எம் பொண்ணுக்கு இப்ப இருபத்தாறு" என்றார்.

என் மகள் மணலில் மண்டியிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "பெரியம்மா, அவங்க பொறந்தநாள் எப்போ?"

அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வருடம் என் வீட்டுக்கு வந்து என் குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடிய பெண்ணிடம், உங்கள் குழந்தை எப்போது பிறந்தாள் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அந்தக் குழந்தைக்கும் டிசம்பர் இருபத்தாறுதான் தேதி என்பது போல இருந்துவிட்டேன்.

"பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு" என்றார் அக்கா. "அதக் கேட்டு யாரும் வந்ததில்லமா. எல்லாரும் இன்னிக்குத்தான் வருவாங்க."

வீட்டுக்கு வாருங்கள் என்று கிளம்பும்போது கூப்பிட்டேன். "அந்தத் தெருவுக்கு என்னால இனிமே வர முடியாதும்மா. நீங்க வேணும்னா வாங்க" என்றார்.

அடுத்த ஆடிப் பெருக்கன்று நானும் மகளும் போனோம். பூவும் சர்க்கரைப் பொங்கலும் எடுத்துப் போனோம். அரசு கட்டிக் கொடுத்த சின்ன வீடு, கடலிலிருந்து தள்ளி. அவர் மகளின் போட்டோ ஒன்றும் இல்லை. எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன. அதனால் அக்கா வாயால் சொன்னார். அவளுக்கு மீனென்றால் ஆகாதாம், மீனவர் வீட்டில் பிறந்தும் தயிர்சோறுதானாம். பள்ளிக்கூடம் சேர்த்த முதல் நாள் டீச்சரின் கையைக் கடித்துவிட்டாளாம். "ஏன்டி கடிச்சன்னு கேட்டா, அவங்கதான் மொதல்ல என்னப் பாத்து சிரிச்சாங்கன்னு சொல்றா" என்று சொல்லி அக்கா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரித்துக்கொண்டே அக்கா தண்ணீர் எடுத்து வருவதாக எழுந்து போனார். சமையல் பக்கம் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. என் மகள் எழுந்திருக்கப் போனாள். அவர் கணவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நீங்க சாப்புடுங்க" என்றார். "அவ வருவா."

நாங்கள் சாப்பிட்டோம்.