வளைத்துக் கட்டிய துண்டு

என் மருமகள் தடுப்பூசி செய்கிறவள். ஊசி போடுகிறவள் இல்லை, ஊசிக்குள் போகிற மருந்தைச் செய்கிறவள். எத்தனை தரம் சொன்னாலும் தெருவில் ஒருத்தி, "முதுகு வலிக்குது, ஒரு ஊசி போடச் சொல்லுங்க" என்று வந்து நிற்பாள்.

மகன் கப்பலில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்குச் சமைக்க வராது, எனக்குப் படிக்க வராது. சண்டைக்குக் குறைவில்லை.

கிருமியின் உடம்பில் ஒரு சின்னத் துண்டு. அதை மட்டும் மணி கோக்கிற மாதிரி மெஷினில் கோத்துச் செய்வாள். பெப்டைடாம். எலிக்குப் போட்டால், அந்தத் துண்டை அடையாளம் வைத்து எலியின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறும். நிஜக் கிருமி வந்தால் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

போன தடவை எக்கச்சக்கமாக ஊறியது. எல்லாரும் கைதட்டினார்கள். நிஜக் கிருமியிடம் விட்டால் ஒட்டவேயில்லை. கிருமி மேல் அந்தத் துண்டு வளைந்து கிடக்கிறதாம். இவள் செய்தது நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

"திருடன் குனிஞ்சு வருவான். நீ நிமிந்து நிக்கிற போட்டோவைக் குடுத்தா காவக்காரன் எப்படிடி பிடிப்பான்?"

"அதேதான் அத்தை, சும்மா இருங்க" என்று மூக்கைச் சிந்தினாள்.

"இன்னும் ஒரே தடவை. வரலேன்னா இந்த ஆராய்ச்சியையே மூடிடலாம்" என்று அவள் மேலதிகாரி சொல்லிவிட்டார். மூடினால் வேறு ஊரில்தான் வேலை. பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி நடுக்கூடத்தில் வைத்தாள்.

"போறப்ப இறக்குறதுக்கென்ன? என் கால் விரல் என்னடி பாவம் பண்ணுச்சு?"

அவள் போய்விட்டால் நான் சுவரோடுதான் சண்டை போட வேண்டும்.

இந்தத் தடவை துண்டின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, வளைத்துச் செய்தாள். ஊசி போட்டது எலிக்கு, காய்ச்சல் வந்தது இவளுக்கு.

ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"அத்தை! நிஜக் கிருமி வச்ச தட்டுல எலி ரத்தத்தை விட்டேன்... குழியெல்லாம் மஞ்சளாயிடுச்சு!"

"மஞ்சளானா நல்லதா, கெட்டதா? அழுதுகிட்டே சொன்னா எனக்கென்ன தெரியும்?"

"ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்! மனுஷங்களுக்குப் போட இன்னும் வருஷக்கணக்காகும். ஆனா வேலை இங்கேயேதான், அத்தை."

போனை வைத்ததும் நடுக்கூடத்துப் பெட்டியைத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் வந்தவள் கூடத்தைப் பார்த்தாள்.

"பெட்டி எங்க?"

"பரண்ல."

"இந்த வயசுல நீங்களா ஏறினீங்க?"

"ஏறிட்டேன். இறங்கத்தான் முடியல. முதுகுவலிக்காரி வந்து இறக்கிவிட்டா. அவளுக்கு ஒரு ஊசி போட்டுடு."